கிளஸ்டர் சேமிப்பில் வால்யூம் அளவு வரம்பு

பல சர்வர்கள் ஒரே சேமிப்பகத்தைப் பகிர்ந்துகொள்ளும் கிளஸ்டரில், ஒரு வால்யூம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதை வட்டின் கொள்ளளவு தனியே தீர்மானித்ததில்லை. முகவரிக்கு எத்தனை பிட் ஒதுக்கினார்கள், பூட்டு எப்படி விழுகிறது, பழுது பார்க்க எவ்வளவு நேரமாகும் என்பவற்றுக்கே அதில் பெரும்பங்கு.

நெடுங்காலம் நீடித்தது 2 டெராபைட் வரம்பு. 1983இல் பிசி டாஸ் 2.0 உடன் வந்த எம்பிஆர் அட்டவணை செக்டர் எண்ணை 32 பிட்டில் குறித்தது. அதில் சுமார் 429 கோடி செக்டர்களே அடங்கும். செக்டருக்கு 512 பைட் என்றால் 2 டெராபைட்டோடு சரி. அவ்வாண்டு வெளியான ஐபிஎம் எக்ஸ்டி கணினியின் வட்டு 10 மெகாபைட்தான் என்பதால் அன்று அது குறையாகவே தெரிந்திருக்காது. ஸ்கசி வட்டுகளின் 10 பைட் கட்டளைகளிலும் முகவரி 32 பிட்தான். ஆகவே எம்பிஆருக்கு மாற்றான ஜிபிடி அட்டவணை மட்டும் போதவில்லை, 64 பிட் முகவரியுள்ள 16 பைட் கட்டளைகளும் தேவைப்பட்டன. விண்டோஸ் சர்வர் 2003இன் கிளஸ்டர், எம்பிஆரில் பதிந்த கையொப்பத்தைக் கொண்டே வட்டை அடையாளம் கண்டது. 2008 பதிப்பின் கிளஸ்டர்தான் ஜிபிடியை இயல்பாக ஏற்றது.

விஎம்வேரின் கிளஸ்டர் கோப்பு முறைமையான விஎம்எஃப்எஸ்-3 இல் சிக்கல் இன்னும் ஆழமானது. வால்யூமை உருவாக்கும்போதே பிளாக் அளவைத் தேர்ந்தாக வேண்டும். 1 மெகாபைட் என்றால் ஒரு கோப்பு 256 ஜிபியைத் தாண்டாது, 8 மெகாபைட் என்றால் 2 டெராபைட் வரை போகும். பிறகு மாற்ற, எல்லா மெய்நிகர் கணினிகளையும் வேறிடம் நகர்த்தி வால்யூமைப் புதிதாக ஃபார்மேட் செய்வதே வழி. 32 துண்டுகளை இணைத்து 64 டெராபைட் வரை நீட்ட முடிந்தும் நிர்வாகிகள் தயங்கினர். ஒரு மெய்நிகர் கணினியை இயக்கினாலும், ஸ்னாப்ஷாட் எடுத்தாலும், மெட்டாடேட்டாவைத் திருத்த ஒரு சர்வர் வால்யூம் அமர்ந்திருக்கும் முழு லன்னையும் (சேமிப்பகம் தரும் தருக்க வட்டையும்) பூட்டிவிடும், மற்றவை காத்திருக்கும். ஒரே வால்யூமில் கணினிகள் பெருகப் பெருகக் காத்திருப்பும் பெருகியது. அன்று சிறு வால்யூம்களைப் பலவாகப் பிரித்து வைத்தது விவேகமான முடிவு.

விடிவு பூட்டின் பக்கமிருந்தே வந்தது. 2010இல் விஎம்வேரின் விஸ்பியர் 4.1, உரிய பதிவை மட்டும் பூட்டும் வேலையைச் சேமிப்பகத்திடமே ஒப்படைத்தது. 2011இல் விஎம்எஃப்எஸ்-5, துண்டுகளை இணைக்காமலே 64 டெராபைட்டையும் ஒரே சீரான 1 மெகாபைட் பிளாக்கையும் தந்தது. பழைய வால்யூமைத் தரமுயர்த்தினால் மட்டும் பழைய பிளாக் அளவே தொடர்ந்தது. மெய்நிகர் வட்டுக் கோப்பின் 2 டெராபைட் தடை 2013இல் விஸ்பியர் 5.5 பதிப்பு வரை நீடித்து, பின் 62 டெராபைட்டானது.

மைக்ரோசாஃப்ட் பக்கம், விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 கிளஸ்டர் பகிர்வு வால்யூம்களைக் கொண்டுவந்தது. என்டிஎஃப்எஸ்ஸில் 4 கேபி அலகுக்கு 16 டெராபைட், 64 கேபிக்கு 256 டெராபைட் என்பது வரம்பு. ஆனால் பழுது பார்க்கும் செக்டிஸ்க் ஓடும்வரை வால்யூம் முடங்கும் என்ற அச்சம் அந்த அளவை நெருங்கவிடவில்லை. 2012 பதிப்பு வால்யூம் இயங்கும்போதே சோதித்து, பழுதான இடத்தை மட்டும் சில நொடிகளில் திருத்தியது. சர்வர்களின் சொந்த வட்டுகளையே பகிர்வுச் சேமிப்பகமாக்கும் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் டைரக்டில் விண்டோஸ் சர்வர் 2016க்கு 32, 2019க்கு 64 டெராபைட் ஒரு வால்யூமின் உச்சம். விண்டோஸின் நிழல் நகல் சேவையான விஎஸ்எஸ் வழி காப்பு நகல் எடுப்போருக்கு மைக்ரோசாஃப்டின் பரிந்துரை 10 டெராபைட்.