மூலமும் போலியும்: அமெரிக்க ‘மசில் கார்’ வரலாறு எழுப்பும் அறவினா

பழம்பொருளொன்றின் பெறுமதி அதன் வனப்பில் மட்டுமன்றி அதன் வரலாற்றிலும் தங்கியுள்ளது. செப்பேடுகளிலும் நாணயங்களிலும் போலியைப் பிரித்தறிதல் வரலாற்றாய்வாளனின் முதற்கடன். ஐக்கிய அமெரிக்காவின் ‘மசில் கார்’ எனப்படும் வலுமிக்க கார்களைப் பொறுத்தவரை இக்கடன் புதுவடிவம் பெற்றுள்ளது.

1964ஆம் ஆண்டின் பொன்ரியாக் ஜி.ரி.ஓ. இவ்வகைக் கார்களின் முன்னோடியாகக் கொள்ளப்படுகின்றது. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இயந்திரத்தைப் பொருத்தலாகாது என்பது ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் அன்றைய விதி. ஜோன் டிலோரியன் முதலியோர் இதனைக் கடக்க உபாயம் கண்டனர். 389 கன அங்குல இயந்திரத்தைத் தனியொரு காராக அறிவியாது, லெமான்ஸ் காரை வாங்குவோர் ஏறத்தாழ 296 டொலர் மேலதிகமாகச் செலுத்திப் பெறும் விருப்பத்தெரிவாக வழங்கினர். அவ்வாண்டுக்குரிய 32,450 கார்கள் விற்பனையாயின.

இவ்வுபாயமே பிற்காலப் போலிகளுக்கும் வாயில் திறந்தது. 1966இல் ஜி.ரி.ஓ. தனிவகையாகும்வரை, காரின் அடையாள எண் அதனை லெமான்ஸ் என்றே காட்டிற்று. 1970ஆம் ஆண்டில் 450 குதிரைவலு இயந்திரத்துடன் வந்த செவ்ரலே செவெல் காரின் எண்ணும் அவ்வியந்திரத்தைப் பற்றி எதுவுங் கூறாது. எனவே சாதாரணக் காரொன்றில் பெரிய இயந்திரத்தையும் சின்னங்களையும் பொருத்தின், கண்ணால் வேறுபாடு காணல் அரிது. பொன்ரியாக்கின் தொழிற்சாலைப் பதிவேடுகள் எஞ்சியமையால் அங்கு உண்மையை அறியலாம். அமெரிக்காவில் விற்கப்பட்ட பெரும்பாலான செவ்ரலே கார்களுக்கு அத்தகைய பதிவேடில்லை. இருக்கையினுள்ளோ பெற்றோல் தாங்கியின் மேலோ அகப்படும் உற்பத்தித்தாளே அவற்றிற்குச் சான்று. அத்தாளும் போலியாக ஆக்கப்படுகின்றது.

காப்புறுதிக் கட்டணமும், 1970இன் தூய காற்றுச் சட்டமும், 1973இன் எண்ணெய் நெருக்கடியும் இக்கார்களின் காலத்தை முடித்துவைத்தன. அருமை விலையை உயர்த்திற்று. 11 மட்டுமே உற்பத்தியானதாகக் கருதப்படும் 1971ஆம் ஆண்டின் ‘ஹெமி கூடா’ திறந்த கார்களுள் ஒன்று 2014இல் 35 இலட்சம் டொலருக்கு ஏலம்போயிற்று.

இங்குப் பிரதி செய்தல் வேறு, பிரதியை மூலமென விற்றல் வேறு. பிரதி என்றே கூறி ஆக்கப்படுங் கார் எவரையும் வஞ்சிப்பதில்லை. பெருஞ்செல்வரல்லாதாரும் அதன் இன்பத்தை நுகரலாம். ‘நான் பொய் சொல்லவில்லை, வாங்கியவர் கேட்கவில்லை’ என்னும் விற்பனையாளனின் வாதமோ ஏற்கத்தக்கதன்று. காரிற் பதித்த சின்னமே ஒரு கூற்று. அதனைத் திருத்தாத மௌனம் அக்கூற்றுக்கு உடன்படுதலாகும்.

நேர்மையாக ஆக்கப்பட்ட பிரதியும் கைமாறக் கைமாற அதன் பிறப்பு மறக்கப்படலாம். ஆதலின் ஆக்கியவனின் வாய்மொழி போதாது. உண்மை எழுத்தில் நின்று காரோடு செல்லவேண்டும்.

அடையாள எண்ணை மாற்றுதலை 1984இன் கூட்டாட்சிச் சட்டம் குற்றமாக்கியது. எண்ணைத் தொடாது சின்னத்தை மட்டும் மாற்றுவோனை அச்சட்டம் தொடாது. விற்பனையில் அவன் சொல்வதும் மறைப்பதுமே மோசடியைத் தீர்மானிக்கும். இத்தகைய மோசடியால் வாங்கியவன் பணத்தை மட்டும் இழப்பதில்லை. மெய்யான காரை வைத்திருப்பவனும் சந்தேகத்துக்கு ஆளாகின்றான். எத்தனை ஆக்கப்பட்டன, எத்தனை எஞ்சின என்னும் வரலாறும் பொய்யாகின்றது. பணத்தை மீட்கலாம், அழிக்கப்பட்ட சான்றை மீட்டல் இயலாது.