மகவேற்பும் கிறித்தவ மரபும்: நாஞ்சில் நாட்டுக் கடற்கரையை முன்னிட்டு

பெறாத மகவைப் பெற்ற மகவாக ஏற்றல் தமிழர்க்குப் புதிய வழக்கன்று. துளசியின் அடியில் கண்டெடுத்த மகவைப் பெரியாழ்வார் வளர்த்தார் என்னும் வரலாறு யாவரும் அறிந்ததே. ஆயின், ஏற்கப்பட்ட மகவுக்கு அவ்வுண்மையை எச்சொல்லால் உணர்த்துவது என்னும் வினா தனித்து ஆராயத்தக்கது. முட்டம் முதலிய நாஞ்சில் நாட்டுக் கடற்கரையூர்க் கிறித்தவரிடையே இவ்வினா சமயம், வழக்குச்சொல், சட்டம் என்னும் மூன்றனையும் தழுவி நிற்பதாகும்.

1544-இல் சவேரியார் இக்கரையோரச் சிற்றூர் மக்களுக்குத் திருமுழுக்கு அளித்தார். அச்சடங்கின் வழியே ஞானத்தந்தை, ஞானத்தாய் என்னும் உறவுகள் இங்கு வேரூன்றின. குருதித் தொடர்பின்றியும் பெற்றோர்மை உண்டு என்பது இவ்வூர்ச் சிறார்க்குச் சொல்லளவிலேனும் பழகிய கருத்தாயிற்று.

இக்கருத்தின் மூலம் பவுலடியாரின் திருமுகங்களில் உள்ளது. உரோமர், கலாத்தியர், எபேசியர் ஆகியோர்க்கு வரைந்தவற்றில் ஐந்து இடங்களில் வரும் 'ஹுயொதெசியா' என்னும் கிரேக்கச் சொல்லைப் பழைய தமிழ் விவிலியம் 'புத்திர சுவிகாரம்' என்று பெயர்த்தது. இது தருமசாத்திரச் சொல். சாத்திரம் கருதிய சுவிகாரம் நீர்க்கடனும் குலத்தொடர்ச்சியும் வேண்டி ஆண்மகவை ஏற்பது. மருமக்கள் தாயம் நிலவிய திருவிதாங்கூர் அரச குடும்பத்திலோ, தாய்வழி அறாதிருக்கப் பெண்மக்களே ஏற்கப்பட்டனர்; 1900-இல் இருவர் அவ்வாறு ஏற்கப்பட்டமை வரலாறு. இரண்டிடத்தும் ஏற்போரின் தேவையே முதற்காரணம். பவுலோ ஏற்கப்படுவோரின் விடுதலையை முதற்கண் வைத்தார். கலாத்தியர் திருமுகத்தில் மீட்பும் மகவேற்பும் அடுத்தடுத்து நிற்றல் இதனை வலியுறுத்தும்.

மீட்பு என்பது விலை கொடுத்துத் திரும்பப் பெறுதல். ஈண்டுத் தமிழ் வழக்கொன்றை ஒப்பு நோக்கலாம். முன்பிறந்த மகவுகள் இறந்துபட்ட வீட்டில், பின் பிறந்ததைப் பிறர் கையிற் கொடுத்துத் தவிடு கொடுத்து வாங்குதல் உண்டு. மகவைக் காக்கும் பொருட்டு எழுந்த இச்சடங்கு, 'உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்' என்னும் கேலியாய் இன்றும் வழங்குகின்றது. வயிற்றிற் பிறந்த பிள்ளை அதனைக் கேட்டுச் சிறிது அழுது மறக்கும். உண்மையிலேயே வந்து சேர்ந்த பிள்ளைக்கோ அது தன் மதிப்பைக் குறித்த தீர்ப்பாகிவிடும். பவுலின் கருத்து இதற்கு நேர்மாறானது: கொடுக்கப்பட்ட விலை அளவிறந்தது, எனவே ஏற்கப்பட்டவன் மதிப்பும் அத்தகையது.

சட்டம் இக்கருத்தினின்று நெடுங்காலம் விலகியே நின்றது. கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த 1956-ஆம் ஆண்டிலேயே இந்து மகவேற்புச் சட்டமும் தோன்றியது; அது கிறித்தவர்க்குப் பொருந்தாது. 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவர்கள் காப்பாளர் ஆகலாம். பிள்ளை அகவை நிரம்பியதும் அவ்வுரிமை முடிவுறும். கோயிலிற் 'சுவிகாரம்' என்று கேட்ட குடும்பம் நீதிமன்றத்தில் 'காப்பு' என்றே கேட்டது. 2000-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும், 2006-இல் அதற்கு நேர்ந்த திருத்தமும், 2015-ஆம் ஆண்டுச் சட்டமுமே சமய வேறுபாடின்றி முழு மகவுரிமையை நல்கின. 2022-ஆம் ஆண்டின் விதிகள், தன் பிறப்பின் மூலத்தைத் தேடும் வாய்ப்பையும் பிள்ளைக்கு அளிக்கின்றன. ஆகவே மறைத்தல் அறமன்று என்பதோடு, இனி நிலைக்கவல்லதும் அன்று.

உணர்த்தும் முறைக்கு அண்மையிலேயே சான்றுண்டு. 1901-இல் கோயிற்பணியினின்று தப்பி வந்த சிறுமி ஒருத்திக்கு அடைக்கலம் தந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், பின்னர் நெல்லைச் சீமை டோனாவூரில் இல்லம் அமைத்தார். அங்கே சிறார் வந்து சேர்ந்த நாளே அவர்தம் விழா நாளாகக் கொண்டாடப்பட்டது. அது சட்டமுறை மகவேற்பு அன்று. எனினும் வந்த செய்தி சிறார்க்கு மறைபொருளாகாமல் மகிழ்பொருளாயிற்று.

'புத்திர சுவிகாரம்' சிறு மகவின் செவிக்கு எட்டாத தொடர். 'தவிடு' எட்டிப் புண்படுத்தும் சொல். இவ்விரண்டற்கும் இடையே 'நீ எங்களிடம் வந்த நாள்' என்னும் எளிய தமிழ் நிற்கின்றது. மகவு பேசத் தொடங்கும் பருவத்திலேயே அதனை வழங்குதல் பவுலின் கருத்துக்கும் மகவின் நலத்துக்கும் ஒருங்கே ஏற்புடைத்து என்பது இவ்வாய்வால் பெறப்படும்.