கிளையாகிப்போன பாதை: மணியாச்சி முதல் தூத்துக்குடி வரை

தமிழகத்துக்கும் இலங்கைக்கும் இடையிலான போக்குவரத்தைப் பற்றி எழுதுவோர் பாம்பன் பாலத்தையும் தனுஷ்கோடியையும் தவறாமல் குறிப்பிடுகின்றனர். அவற்றுக்கு 38 ஆண்டுகள் முன்பே இலங்கைக்கு வாயிலாக அமைந்துவிட்ட மணியாச்சி–தூத்துக்குடி இருப்புப்பாதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சுமார் 30 கிலோமீட்டர் நீளம். விரல் விட்டு எண்ணக்கூடிய நிலையங்கள். இன்று அதனை ஒரு கிளைப்பாதையாகவே நாம் அறிவோம். தொடக்கத்தில் நிலைமை நேர்மாறாக இருந்தது. சென்னையிலிருந்து தெற்கே வந்த தலைமைப் பாதையின் முனை தூத்துக்குடியே. மணியாச்சியிலிருந்து திருநெல்வேலிக்குச் சென்றதுதான் கிளை.

1874இல் உருவான தென்னிந்திய இரயில்வே நிறுவனம், மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு மீட்டர் அகலத்தில் அமைத்த பாதையை 1876 ஜனவரி 1 அன்று திறந்தது. கடலோரம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது முத்துக்குளிப்பு. ஆயின் இரயிலைக் கடற்கரைக்கு இழுத்தது முத்தன்று, பருத்தி. கோவில்பட்டி, சாத்தூர் வட்டாரக் கரிசல் நிலத்தில் விளைந்த பருத்தி அதுவரை மாட்டுவண்டிகளில் துறைமுகம் வந்தது. கடல் ஆழமற்றது, நீராவிக் கப்பல்கள் கரையை அணுக இயலாமல் பல மைல் தொலைவில் நங்கூரமிட்டன. இரயிலில் வந்து இறங்கிய பொதியும் மனிதரும் தோணி ஏறித்தான் கப்பலை அடைந்தாக வேண்டும். பாதை திறந்த அதே 1876இல் தாது வருஷப் பஞ்சம் தொடங்கிற்று. பஞ்சம் பிழைக்கக் கடல் கடந்தவர்களுக்கும் இத்துறைமுகம் ஒரு வழியாயிற்று.

இப்பாதையின் நிலையங்களுள் வரலாற்று நூல்களில் இடம்பெற்றது மணியாச்சி. 1911 ஜூன் 17 அன்று திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ், தம் மனைவியுடன் கொடைக்கானலுக்குப் புறப்பட்டார். திருநெல்வேலியிலிருந்து வந்த வண்டி மணியாச்சியில் நின்று, தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலுக்காகக் காத்திருந்தது. இலங்கையிலிருந்து கப்பலில் வந்த பயணிகளைச் சென்னைக்கு ஏற்றிச் செல்லும் வண்டி அது. இரு வண்டிகளுக்கும் இடையே இருந்த அந்தப் பத்து நிமிட அளவிலான இடைவேளையில்தான் வாஞ்சிநாதன் முதல் வகுப்புப் பெட்டியில் ஏறி ஆஷைச் சுட்டார். பின்னர் நடைமேடைக் கழிவறைக்குள் சென்று தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மாண்டார். 1908இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சிறைப்பட்ட காலத்தில் ஆஷ் தூத்துக்குடியில் பணியாற்றியவர். வ.உ.சி. 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனம் போட்டியிட்டதும் இதே தூத்துக்குடி–கொழும்பு வழியில்தான். ஆக, கொலையின் காரணமும் களமும் ஒரே தடத்தில் அமைந்திருந்தன எனலாம். அந்நிலையம் இன்று வாஞ்சி மணியாச்சி என்று வழங்குகிறது.

மணியாச்சிக்கும் தூத்துக்குடிக்கும் இடையே தட்டப்பாறை என்றொரு சிற்றூர் உண்டு. இந்நிலையத்தைப் பற்றித்தான் நாம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இலங்கை அரசு இங்கே ஒரு தொற்றுத்தடுப்பு முகாமை நடத்திற்று. தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் திரட்டிய தமிழ்த் தொழிலாளர் இங்கே இறக்கப்பட்டு, மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டு, நோய் இல்லையெனத் தெளிந்த பின்னரே கப்பலுக்கு அனுப்பப்பட்டனர். அக்காலத்தில் தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லை ஒன்று தொழிலாளியிடம் கொடுக்கப்படும். அதனைக் காட்டினால் வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். பிறகு அது தொழிலாளியின் கடனாகத் திரும்பும். ஊரும் உறவும் விட்டு வந்த மனிதர் ஓர் எண்ணின்வழி அடையாளம் காணப்பட்ட இடங்களுள் தட்டப்பாறையும் ஒன்று. நெல்லைச் சீமையிலிருந்து இலங்கைத் தோட்டத்துக்குப் போன மருதி என்னும் பெண்ணின் கதையைப் புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யில் எழுதினார். அத்தகைய மருதிகள் எத்தனையோ பேர் இந்த முகாமின் வழியே போயிருப்பர்.

தட்டப்பாறைக்கும் கடலுக்கும் நடுவே உள்ள ஊரின் பெயர் மீளவிட்டான். பெயர்க்காரணம் எதுவாயினும், அவ்வழியே சென்றவர்களுள் பலர் மீளவேயில்லை. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்தம் வழித்தோன்றல்களை நாடற்றவர்களாக்கிற்று. 1964இல் ஏற்பட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று முடிவு செய்தது. அவர்கள் திரும்பி வந்தபோது வழி மாறியிருந்தது.

அம்மாற்றம் 1914இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் போட் மெயில் தனுஷ்கோடிக்குப் போயிற்று. தொழிலாளர் போக்குவரத்தும் நாளடைவில் மண்டபம் முகாமுக்குப் பெயர்ந்தது. தாயகம் திரும்பியோர் வந்திறங்கியதும், பிற்காலத்தில் ஈழ அகதிகள் தங்கியதும் அம்மண்டபத்தில்தான். அங்கே ஓர் இரயில் நிலையமே ‘மண்டபம் கேம்ப்’ என்ற பெயரோடு நிற்கிறது. தட்டப்பாறைக்கு அத்தகைய பெயர் வாய்க்கவில்லை.

தூத்துக்குடி துவண்டுவிடவில்லை. 1974இல் புதிய துறைமுகம் திறக்கப்பட்டது; அது இப்போது வ.உ.சி.யின் பெயரைத் தாங்கியிருக்கிறது. பழைய மீட்டர் பாதை அகலப்பாதையாயிற்று. ஒரு தடத்தில் வீரனுக்குப் பெயர்ப்பலகை உண்டு, தலைவனுக்குத் துறைமுகம் உண்டு. இரண்டும் தகுதியானவையே. எண் பொறித்த தகர வில்லையோடு இறங்கி நின்றவர்களுக்குத் தட்டப்பாறை நிலையத்தில் ஒரு கல்வெட்டாவது வைக்கலாகாதா? மலையகத் தமிழர் வரலாறு கண்டியிலோ அட்டனிலோ தொடங்குவதாக நம் மாணவர்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அதன் முதற்பக்கங்களுள் ஒன்று நம் கரிசல் விளிம்பில் கிடக்கிறது என்பதை அவர்களுக்குச் சொல்லும் கடமை நமக்கு உண்டு.