முள்ளில் குத்திய பனையோலை

இராமநாதபுரம் கடற்கரைப் பிள்ளைகளுக்குப் பறத்தலின் முதல் பாடம் பனையோலையில் இருக்கிறது. ஓலைக் கீற்றைக் குறுக்காக மடித்து, கருவேல முள்ளில் குத்தி, காற்றுக்கு எதிரே ஓடினால் காற்றாடி சுழலும். நானும் ஓடியிருக்கிறேன். வயதுக்கு வந்ததும் என் ஓட்டம் நின்றது, தம்பிகள் ஓடினார்கள்.

ஜைரோபிளேனைப் பற்றிப் படித்தபோது அந்த முள்தான் நினைவுக்கு வந்தது. பார்வைக்கு ஹெலிகாப்டர் போலிருக்கும். ஆனால் பறக்கும்போது தலைக்கு மேலுள்ள சுழலியை எஞ்சின் சுற்றுவதில்லை. எஞ்சின் விமானத்தை முன்னே தள்ள, கீழிருந்து ஏறும் காற்று சுழலியைச் சுழற்றித் தூக்குகிறது. 1919இல் தாம் வடிவமைத்த விமானம் வேகம் குறைந்து விழுந்ததைக் கண்ட ஸ்பெயின்காரர் ஹுவான் டி லா சியர்வா, 1923இல் இதைப் பறக்கவிட்டார். 1950களில் ஈகோர் பென்சன் இதன் வரைபடங்களை விற்றார். வீட்டுக் கொட்டகையிலேயே கட்டிக்கொள்ள வழி பிறந்தது.

இறக்கை விமானம் ஓட்டிப் பழகியவர் இதற்கு வந்தால், கற்றதில் ஒன்றை மறக்க வேண்டும். இறக்கை விமானம் வேகமிழந்தால் மூக்கைச் சட்டெனத் தாழ்த்து என்று கைக்குச் சொல்லியிருப்பார்கள். ஜைரோபிளேனில் அப்படிச் சட்டென முன்னே தள்ளினால் சுழலியின் மீதுள்ள பாரம் நீங்கி, சுழற்சி தளர்ந்து, உயிரே போகலாம். அனுபவமே ஆபத்தாகும் இடம் அது.

அமீலியா இயர்ஹார்ட் இந்த இடத்தைக் கடந்தவர். 1928இல் அட்லாண்டிக்கைக் கடந்தபோது அவர் வெறும் பயணி. புகழ் மட்டும் வந்து சேர்ந்தது. 1931 ஏப்ரலில் பிட்கெய்ர்ன் ஆட்டோஜைரோவில் 18,415 அடி உயரம் தொட்டார். பிறகு ஒரு சூயிங்கம் நிறுவனத்தின் விளம்பர வண்டியை அமெரிக்கா முழுக்க ஓட்டினார். ஜூனில் டெக்சாஸின் அபிலீனில் விபத்து. கவனக்குறைவு என்று அரசுத் துறை கண்டித்தது. புதிய வண்டியின் குணத்தை எல்லா விமானிகளுமே விழுந்து எழுந்து அறிந்துகொண்டிருந்த காலம் அது. ஆண் விழுந்தால் அது சோதனை ஓட்டம். பெண் விழுந்தால் கவனக்குறைவு என்றே எனக்குப் படுகிறது. மறு ஆண்டே அவர் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்தார்.

நம் பக்கத்தில் உஷா சுந்தரம் இருக்கிறார். 1951இல் கணவர் வி. சுந்தரத்துடன் டவ் விமானத்தை இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டிவந்தார். அவரை விமானியின் மனைவி என்றே தொடங்கி அறிமுகப்படுத்துவதை இன்றும் காண்கிறேன்.

உச்சிப்புளியில் 2009 முதல் கடற்படை விமானத்தளத்தின் பெயர் ஐ.என்.எஸ். பருந்து. 2020இல் கடற்படையின் டோர்னியர் விமானங்களுக்கு முதன்முறையாக மூன்று பெண் விமானிகள் தகுதி பெற்றார்கள். அரசு கொடுத்த விமானத்தில் ஏறும் வாசல் திறந்துவிட்டது. தானே ஒன்றைக் கட்டிப் பறப்பது வேறு கணக்கு. அதற்குக் கொட்டகை வேண்டும், ஸ்பானர் வேண்டும், யாரும் காப்பி கேட்காத மாலைகள் வேண்டும், தோற்றுப்போக உரிமை வேண்டும்.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "கொட்டகை யார் பேர்ல இருக்கும், மேடம்?"

நம் பறத்தலின் வரலாற்றை அந்தக் கேள்வியிலிருந்துதான் எழுதத் தொடங்க வேண்டும்.