ரிம்பா இல்முவில் ஒரு பால்மரம்

மலேசியாவில் வளர்ந்த தமிழரிடம் 'தோட்டம்' என்று சொன்னால் பூவும் கொடியும் நினைவுக்கு வராது. லயத்து வீடு, பெரட்டுக் களம், பால் வாளி, மாரியம்மன் கோயில் இவைதான் வரும். மதுரையிலிருந்து வந்திருந்த நண்பர்கள் இருவருக்கு இது பிடிபடவில்லை. "பாட்டி தோட்டத்துல பொறந்தாங்கன்னு சொல்றீங்களே, அதெப்படி?" என்று ஒருவர் கேட்டார். வாயால் விளக்குவதைவிடக் காட்டிவிடலாம் என்று பெட்டாலிங் ஜெயா வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத ரிம்பா இல்முவுக்கு அழைத்துப் போனேன்.

மலாயாப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் தாவரவியல் தோட்டம் அது. 'அறிவின் காடு' என்று பொருள். 1974-இல் தொடங்கப்பட்டது, பரப்பு சுமார் 80 ஹெக்டர். மூங்கில், பனை வகைகள், எலுமிச்சை வகைகள், மூலிகைகள் என்று பகுதி பகுதியாகப் பார்க்கலாம். இதெல்லாம் வருவதற்கு முன் அது இரப்பர் தோட்ட நிலம். பழைய பால்மரங்கள் இன்னும் நிற்கின்றன. பெட்டாலிங் ஜெயாவின் கதையும் இதேதான். கோலாலம்பூரின் நெரிசலைக் குறைக்க, 1950களின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் என்ற இரப்பர் தோட்டத்தின் 1,200 ஏக்கரில் உருவாகத் தொடங்கிய நகரம் இது. நாங்கள் வாடகை கொடுத்துக் குடியிருப்பதும் தோசைக்கடையில் வரிசை பிடிப்பதும் பால்மரம் நின்ற மண்ணில்தான்.

அந்த மரமும் நம்மைப் போல வந்தேறிதான். 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் தபஜோஸ் ஆற்றுப் பக்கத்திலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றில் 1,900க்கும் மேற்பட்ட கன்றுகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து இலங்கைக்குக் கப்பலேற்றினார்கள். வழியில் பார்த்துக்கொள்ள ஒரு தோட்டக்காரரையும் கூடவே அனுப்பினார்கள். 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்துக்கு வந்தன. அதில் ஒன்பது பேராக்கின் கோலகங்சாருக்குப் போயின.

இருபது வருடங்களுக்கு அந்த மரத்தை யாரும் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. 1888-இல் சிங்கப்பூர் தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி மட்டும் சட்டைப் பையில் விதைகளை வைத்துக்கொண்டு காப்பித் தோட்ட முதலாளிகளிடம் 'இதை நடுங்கள்' என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயரே வந்தது. அவர் செய்த பெரிய வேலை வேறு. பிரேசில் காட்டில் மரத்தைக் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள், மரம் நாசமானது. ரிட்லியோ, ஒரே வெட்டின் விளிம்பில் மெல்லிய பட்டையை மட்டும் மறுபடி மறுபடி சீவினால் மரம் சாகாமல் வருடக்கணக்கில் பால் தரும் என்று காட்டினார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் விடியும்போதே வெட்ட வேண்டும். என் பாட்டி நாற்பது வருடம் நாலு மணிக்கு எழுந்ததற்கான காரணம் இதுதான். ஒரு தாவரவியல் தோட்டத்தில் நடந்த சோதனை அவருடைய தூக்கத்தின் அளவைத் தீர்மானித்திருக்கிறது.

இரப்பருக்கு முன்பே கரும்புக்கும் காப்பிக்கும் தமிழர்கள் இங்கே வந்தார்கள். ஆனால் லட்சக்கணக்கில் வரவழைத்தது இரப்பர்தான். 1896-இல் மலாக்காவில் டான் சே யான் வணிகமாக நடத் தொடங்கினார். பிறகு மோட்டார் வண்டி டயர்களுக்கான கிராக்கி வந்தது. கங்காணிகள் சொந்த ஊருக்குப் போய் ஆள் கட்டினார்கள். 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஒன்றை ஏற்படுத்தி, முதலாளிகள் கொடுத்த பணத்தில் கப்பல் செலவைப் பார்த்துக்கொண்டார்கள். 1938-இல் இந்திய அரசு தடுக்கும்வரை இது ஓடியது.

இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே மரத்தின் முன் நின்றோம். ஹீவியா பிரேசிலியென்சிஸ். குடும்பம், ஆமணக்குக் குடும்பம். தாயகம், அமேசான். "அட, நம்மூர் ஆமணக்குக்குச் சொந்தமா!" என்று நண்பர் சந்தோஷப்பட்டார். எனக்கு வேறு ஒன்று உறைத்தது. இந்த மரத்தின் குடும்பமும் தாயகமும் யாருக்கும் தெரியும். என் பாட்டியிடம் அவருடைய அப்பா எந்த ஊர் என்று கேட்டால் "சேலம் ஜில்லா" என்பார், அவ்வளவுதான். கூலிகளையும் எண்ணத்தான் செய்தார்கள், தலைக்கணக்காக. செக்ரோலில் கிராணி எழுதியதுதான் பெயர். தோட்டம் வீடமைப்புப் பகுதியானபோது அந்தப் புத்தகம் எங்கே போனது என்று கேட்க ஆளில்லை.

இதற்குத் தாவரவியலைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் மரத்தைப் படித்தார்கள், பதிவு செய்தார்கள். நாம்தான் பால்மரத்தைக் கதைகளில் கண்ணீருக்கு உவமையாக்கியதோடு நிறுத்திக்கொண்டோம். இதே வளாகத்தில்தான் இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. முதலாவது உலகத் தமிழ் மாநாடு 1966 ஏப்ரலில் நடந்ததும் இந்தப் பல்கலைக்கழகத்தில்தான். ஒரு பக்கம் மரம் தெரிந்தவர்கள், இன்னொரு பக்கம் தமிழ் தெரிந்தவர்கள். மரத்தை வெட்டிய தமிழரைப் பற்றி யார் எழுதுவது?

நண்பர் பட்டையைத் தடவிப் பார்த்து, "ஏன் இப்படி முடிச்சு முடிச்சா இருக்கு?" என்றார். கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும். புதுப்பட்டை சமமாக வளராமல் இப்படிப் புடைத்துக்கொள்ளும். காயம் பண்ணினால் கங்காணி ஏசுவார், சம்பளத்திலும் பிடிப்பார்கள் என்று பாட்டி சொல்லியிருக்கிறார். வேலை கற்றுக்கொண்டிருந்த யாரோ ஒருவரின் கை அது. ஒருவேளை பதின்மூன்று வயசுப் பிள்ளையின் கையாகவும் இருக்கலாம்.

மரம் வெட்டியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள், கிள்ளானிலும் பூச்சோங்கிலும், அடுக்குமாடி வீடுகளில். எழுபது, எண்பது வயசு. உங்கள் வீட்டில் ஒருவர் இருந்தால் இந்த வாரமே கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். எந்தத் தோட்டம், எத்தனை மரம், கங்காணி யார், பெரட்டு எத்தனை மணிக்கு. சின்னக் கேள்விகளாகவே கேளுங்கள். பெரிய கேள்வி கேட்டால் "என்னத்த சொல்ல" என்று அவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.