ராபின்சனுக்கு வயது முப்பது

1965 டிசம்பர் 9. சின்சினாட்டி ரெட்ஸ் பேஸ்பால் அணி தன் மிகச் சிறந்த மட்டையாளர் ஃப்ராங்க் ராபின்சனை பால்டிமோர் ஓரியோல்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு மூன்று பேரை வாங்கிக்கொண்டது. பந்துவீச்சாளர்கள் மில்ட் பாப்பஸ், ஜாக் பால்ட்ஷன். அவர்களோடு டிக் சிம்ப்சன் என்ற இளைஞர். சென்ற வாரம் பார்த்த பேப் ரூத் கதையில் பாஸ்டன் அணி ஆளைக் கொடுத்துப் பணம் வாங்கியது. இது ஆளுக்கு ஆள் மாற்று. விவரம் தெரிந்த ஒருவர் கணக்குப் போட்டு, நிதானமாகச் செய்த காரியம். அதனாலேயே இந்தக் கதை என்னை அதிகம் வருத்துகிறது.

ராபின்சன் பிறந்தது டெக்சாஸ் மாநிலத்தின் போமான்ட் நகரில், 1935இல். வளர்ந்தது கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில். அங்கே அவர் படித்த மெக்ளைமண்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியை விளையாட்டு வரலாறு மறக்க முடியாது. கூடைப்பந்தின் மாமன்னர் பில் ரஸ்ஸல் அந்தப் பள்ளி மாணவர்தான். ராபின்சனுக்குப் பின்னால் அதே பள்ளியிலிருந்து வேடா பின்சன், கர்ட் ஃப்ளட் என்ற இருவர் வந்தார்கள். மூவரையுமே ரெட்ஸ் அணி ஒப்பந்தம் செய்தது. கர்ட் ஃப்ளட் என்ற பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1956இல், இருபது வயதில், ராபின்சன் ரெட்ஸ் அணிக்குள் நுழைந்தார். பந்து மைதானத்தின் எல்லை வேலியைத் தாண்டினால் ஹோம் ரன். முதல் ஆண்டிலேயே 38 ஹோம் ரன்கள் அடித்து, அறிமுக ஆட்டக்காரர்களுக்கான அன்றைய சாதனையைத் தொட்டார். அதே ஆண்டில் 20 முறை பந்து அவர் உடம்பில் பட்டது. மட்டையாளர் நிற்கும் கட்டத்தின் உள்விளிம்பில், தலையைப் பந்தின் பாதைக்கு நீட்டிக்கொண்டு நிற்பது அவர் வழக்கம். அவரைப் பயமுறுத்திப் பின்வாங்க வைக்க எறிவார்கள். அவர் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து அதே இடத்தில் வந்து நிற்பார். ஓய்வு பெறும்வரை இப்படி 198 முறை அடிபட்டார். அவர் எப்படிப்பட்டவர் என்பதைச் சொல்ல எனக்கு இந்த எண் போதும்.

1961இல் ரெட்ஸ் நேஷனல் லீக் பட்டம் வென்றபோது, லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது ராபின்சனுக்குக் கிடைத்தது. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் ஓர் உணவகத் தகராறில், மறைத்து வைத்திருந்த துப்பாக்கிக்காகக் கைதாகி 250 டாலர் அபராதம் கட்டியிருந்தார். முரடர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கறுப்பின ஆட்டக்காரர் ஒருவர் மேல் அந்தக் காலத்தில் ஒட்டிய பெயர் எளிதில் உதிராது.

இப்போது எதிர்ப்பக்கம். பில் டெவிட் ரெட்ஸ் அணியின் உரிமையாளர், பொது மேலாளர் இரண்டுமாக இருந்தவர். அவரை விவரமில்லாதவர் என்று தள்ளிவிடுவது நியாயம் ஆகாது. பேஸ்பால் நிர்வாகத்திலேயே வளர்ந்த மனிதர். 1960இல் டெட்ராய்ட் அணித் தலைவராக இருந்தபோது, கிளீவ்லாந்தின் செல்லப்பிள்ளை ராக்கி கொலவிட்டோவை மாற்று முறையில் தூக்கிவந்தவர் அவர். அதே ஆண்டு இறுதியில் சின்சினாட்டிக்கு வந்து, ஓர் ஆட்டக்காரரைக் கொடுத்து ஜோயி ஜே உள்ளிட்ட பந்துவீச்சாளர்களை வாங்கினார். மறு ஆண்டு ஜோயி ஜே 21 ஆட்டங்களை வென்று கொடுத்தார், பட்டமும் வந்தது. பந்துவீச்சுக்காக ஆளைக் கொடுத்து ஜெயித்த அனுபவம் அவர் கையில் இருந்தது. அந்த வெற்றிதான் அவரை இடறச் செய்தது என்பது என் எண்ணம்.

1965இல் ரெட்ஸ் மட்டைக்குப் பஞ்சமில்லாத அணி. டெரன் ஜான்சன் மட்டும் 130 ரன்களைச் சேர்த்துக் கொடுத்து லீகில் முதலிடம் பிடித்தார். டோனி பெரெஸ் என்ற இளைஞர் வாய்ப்புக்குக் காத்திருந்தார். சாமி எல்லிஸ் 22 வெற்றி, ஜிம் மலோனி 20 வெற்றி. அவர்களுக்கு அடுத்து அதே தரத்தில் மூன்றாவது பந்துவீச்சாளர் இல்லை. அணி நான்காம் இடத்தில் முடிந்தது. பாப்பஸுக்கு வயது 26தான். அதற்குள் 110 வெற்றிகள். ராபின்சனுக்கோ முப்பது முடிந்துவிட்டது. தாளில் எழுதிப் பார்த்தால் கணக்கு சரியாகவே வரும். ஆனால் அந்த முப்பது வயதுக்காரர் அந்த ஆண்டும் 33 ஹோம் ரன்கள் அடித்திருந்தார்.

ஊர் கொந்தளித்தது. டெவிட் ஒரு விளக்கம் சொன்னார்: ராபின்சன் இளமையான முப்பது வயதுக்காரர் அல்ல. அந்த வார்த்தை தன்னைச் சுட்டதை ராபின்சன் பிற்காலத்தில் மறைக்கவில்லை. பத்து ஆண்டுகளில் 324 ஹோம் ரன்கள் அடித்துக் கொடுத்த அணி, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பியது. கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அன்றைய ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து உண்டு. அணி விடுவிக்கும்வரை ஆட்டக்காரர் அந்த அணிக்கே சொந்தம். வேறு அணிக்குக் கொடுத்தால் போயாக வேண்டும், அல்லது விளையாட்டையே விட வேண்டும்.

பால்டிமோரும் முதலில் கைநீட்டி வரவேற்கவில்லை. ராபின்சன் பயிற்சி முகாமில் இருக்க, மனைவி பார்பரா வீடு தேடி அலைந்தார். கறுப்பினக் குடும்பம் என்று தெரிந்ததும் கதவுகள் மூடின. அணிக்கு வேண்டிய மட்டையாளர், அக்கம்பக்கத்துக்கு வேண்டாதவராக இருந்தார்.

பிறகு ஆட்டம் தொடங்கியது. 1966 மே 8ஆம் தேதி கிளீவ்லாந்தின் லூயிஸ் டியான்ட் எறிந்த பந்தை ராபின்சன் அடித்தார். அது இடப்பக்கப் பார்வையாளர் வரிசைகள் அத்தனையையும் தாண்டி, மெமோரியல் ஸ்டேடியத்துக்கு வெளியே போய் விழுந்தது. அந்த மைதானத்தைவிட்டே பந்தை வெளியேற்றியவர் அவர் ஒருவர்தான். பந்து தாண்டிய இடத்தில் ‘இங்கே’ என்ற பொருள் தரும் ஒரே ஆங்கிலச் சொல் எழுதிய கொடியை ஏற்றினார்கள். 1991இல் அணி அந்த மைதானத்தைவிட்டு இடம்பெயரும்வரை கொடி பறந்தது.

அந்த ஆண்டு முடிவில் அவர் சராசரி .316, ஹோம் ரன்கள் 49, சேர்த்துக் கொடுத்த ரன்கள் 122. மூன்றிலும் அமெரிக்கன் லீகில் அவரே முதல். ‘டிரிபிள் கிரவுன்’ எனப்படும் இந்த மும்முடியை அதற்குப் பிறகு இன்றுவரை இருவரே சூடியிருக்கிறார்கள்: 1967இல் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி, 2012இல் மிகெல் கப்ரெரா. மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வந்தது. இரண்டு லீகிலும் அந்த விருதை வென்ற முதல் மனிதர் ராபின்சன். 2024இல் ஷோஹெய் ஒடானி வரும்வரை வேறு யாரும் அந்தப் படியில் ஏறவில்லை.

இரண்டு லீகின் வெற்றியாளர்களும் மோதும் உலகத் தொடரில் எதிரணி நடப்புச் சாம்பியன் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ். கோஃபாக்ஸ், டிரைஸ்டேல் என்ற இரு பெரும் பந்துவீச்சாளர்கள் அவர்களிடம். முதல் ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸிலேயே டிரைஸ்டேலின் பந்தில் ராபின்சன் ஹோம் ரன் அடித்தார். நான்காவது ஆட்டத்தில் மறுபடியும் டிரைஸ்டேல், மறுபடியும் ராபின்சன். அந்த ஒரே அடிதான் ஆட்டத்தின் ஒரே ரன். டேவ் மெக்நாலி எதிரணிக்கு ஒன்றும் விடாமல் எறிந்து முடித்தார். நான்குக்கு நான்கு. பால்டிமோருக்கு வந்த முதல் உலகப் பட்டம் அது.

இதில் எனக்கு மிகவும் கசப்பாகத் தோன்றும் விவரம் ஒன்று உண்டு. பால்டிமோர் ஓரியோல்ஸ் என்பது 1954இல் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணி இடம்பெயர்ந்து பெற்ற பெயர். அந்த பிரவுன்ஸ் அணியை ஒரு காலத்தில் தம்பியும் அண்ணனுமாகச் சேர்ந்து சொந்தமாக வைத்திருந்து, கட்டுப்படியாகாமல் விற்றவர்களில் ஒருவர் இதே பில் டெவிட். தான் கைவிட்ட அணிக்கே தன் முத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

சின்சினாட்டியில் பாப்பஸ் 1966இல் 12 ஆட்டங்களை வென்றார், 11இல் தோற்றார். பால்ட்ஷனுக்கு ஒரே வெற்றி. சிம்ப்சனின் மட்டையிலிருந்து நான்கு ஹோம் ரன்கள். அணி ஏழாம் இடத்துக்குச் சரிந்தது. மைதானத்துக்கு வருவோர் எண்ணிக்கையும் கரைந்தது. அந்த ஆண்டு இறுதியில் டெவிட் அணியை விற்றுவிட்டார். பாப்பஸ் மேல் சுமத்தப்பட்ட பழி மட்டும் அநியாயம். வாழ்நாளில் 209 வெற்றிகள் கண்ட நல்ல பந்துவீச்சாளர் அவர். 1988இல் வந்த ‘புல் டர்ஹம்’ திரைப்படம்கூட அவர் பெயரை மோசமான பேரத்துக்கு உதாரணமாக்கியது. அந்த மாற்றை அவரும் கேட்டு வாங்கவில்லையே!

1970 உலகத் தொடரில் ரெட்ஸும் ஓரியோல்ஸும் நேருக்கு நேர் மோதின. ராபின்சன் இரண்டு ஹோம் ரன்கள் அடிக்க, பால்டிமோர் 4-1 என்று வென்றது. ரெட்ஸ் வென்ற அந்த ஒரே ஆட்டத்தில் வெற்றிக் கணக்கு எழுதப்பட்டது கிளே கரோல் என்ற பந்துவீச்சாளர் பெயரில். 1968இல் பாப்பஸை அட்லாண்டாவுக்கு அனுப்பிய மாற்றில் ரெட்ஸுக்குக் கிடைத்தவர்களில் அவர் ஒருவர். ராபின்சனைக் கொடுத்ததில் அவர்களுக்கு மிஞ்சிய நல்ல பலன் கரோல்தான்.

1971 இறுதியில் பால்டிமோரும் ராபின்சனை லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மாற்றி அனுப்பியது. இருந்த ஆறு ஆண்டுகளில் அந்த அணிக்கு நான்கு லீக் பட்டங்கள், இரண்டு உலகப் பட்டங்கள். 1975 ஏப்ரல் 8ஆம் தேதி கிளீவ்லாந்து அணியின் ஆட்டக்காரர்-மேலாளராக ராபின்சன் களமிறங்கினார்; பெரிய லீகில் அந்தப் பொறுப்பேற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். அன்றைய முதல் வாய்ப்பிலேயே ஹோம் ரன்! மொத்தம் 586 ஹோம் ரன்களோடு ஓய்வு பெற்றவரை 1982இல் ஹால் ஆஃப் ஃபேம் ஏற்றது. அவர் அணிந்த 20ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று சின்சினாட்டி முடிவெடுக்க 1998 வரை ஆனது. 2019 பிப்ரவரி 7இல், 83 வயதில், ராபின்சன் மறைந்தார்.

நினைவில் வைக்கச் சொன்ன கர்ட் ஃப்ளட்டுக்கு வருகிறேன். பத்தொன்பது வயதில் ரெட்ஸ் அவரை செயின்ட் லூயிஸுக்கு மாற்றியது, போனார். 1969 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் அவரை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியபோது, போக மாட்டேன் என்றார். அந்த டிசம்பர் 24ஆம் தேதி பேஸ்பால் ஆணையர் போவி கூனுக்கு அவர் எழுதிய கடிதம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அடுத்த வாரம் அந்தக் கடிதம்.

(தொடரும்)