கருவிகளும் கோப்புகளும்

கணிப்பொறி ஒன்று, அதனோடு பிணைந்த கருவிகளோ பல. விசைப்பலகை எழுத்தெழுத்தாகத் தரும். வட்டு கட்டங்கட்டமாகத் தரும். அச்சுப்பொறியோ பெரும்பாலும் வாங்கிக்கொள்ளுமேயன்றித் தருவதில்லை. இயல்பால் வேறுபட்ட இவற்றை நிரல் எழுதுவோர்க்கும் பயன்படுத்துவோர்க்கும் எவ்வாறு காட்டுவது? இயங்குதளங்களின் வரலாற்றிலே இவ்வினாவுக்குத் தனியிடம் உண்டு.

தொடக்கத்தில் நிரல் எழுதுவோரே நாடாவைச் சுழற்றவும் அட்டையைப் படிக்கவும் வேண்டிய ஆணைகளையெல்லாம் எழுதினர். கருவி மாறினால் நிரலும் மாறியாக வேண்டும். இவ்வீண் உழைப்பைக் குறைக்க எண்ணி, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தாரும் நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் நிறுவனத்தாரும் 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். 704 பொறிக்கென ஒரு முறைமையை ஆக்கினர். உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் உரிய ஆணைகளை எல்லா நிரல்களும் அதன்வழிப் பகிர்ந்துகொண்டன.

1969-ஆம் ஆண்டில், மல்டிக்ஸ் என்னும் பெருந்திட்டத்திலிருந்து பெல் ஆய்வுக்கூடம் விலகிற்று. அதில் உழைத்த கென் தாம்சன், அதிகம் பயன்படாதிருந்த பி.டி.பி.-7 என்னும் சிறுபொறியிலே புதியதோர் இயங்குதளத்தை அமைக்கலானார். டென்னிஸ் ரிட்சியும் உடனுழைத்தார். அதுவே யுனிக்ஸ் ஆயிற்று. கருவி ஒவ்வொன்றும் அங்கே ஒரு கோப்பாகவே தோன்றிற்று. ‘டெவ்’ என்னும் அடைவினுள் அக்கோப்புகள் இருந்தன. கடிதத்தைத் திறந்து படிப்பது போலவே நாடாவையும் திறந்து படிக்கலாம். கோப்பில் எழுதுவது போலவே அச்சுப்பொறிக்கும் எழுதலாம்.

இதன் உட்பொருள் யாது? அக்கோப்பினுள் செய்தி எதுவும் இல்லை. இரண்டு எண்களே உள்ளன. முதலெண் எந்த இயக்கி நிரலை அழைப்பது என்பதைக் கூறும். இரண்டாமெண் அவ்வியக்கியின் பொறுப்பிலுள்ள கருவிகளுள் எது என்பதைக் கூறும். அக்காலச் சென்னையில் கும்பினி வணிகர்க்கும் நம்மவர்க்கும் இடையே நின்ற துபாஷியைப் போன்றது இயக்கி. பொதுவான ஆணையை ஒருபுறம் கேட்டு, அதனைக் கருவியின் மொழியிலே மறுபுறம் உரைக்கும்.

தாம்சனும் ரிட்சியும் 1974-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் இம்முறையின் நன்மைகள் மூன்றைக் கூறினர். கோப்புக்கும் கருவிக்கும் படித்தல், எழுதுதல் ஏறத்தாழ ஒன்றே. கோப்பின் பெயரை எதிர்பார்க்கும் நிரலுக்குக் கருவியின் பெயரையும் தரலாம். கோப்புகளைக் காக்கும் அனுமதி முறையே கருவிகளையும் காக்கும். இம்மூன்றாவது நன்மை சிறிதன்று. வட்டு முழுவதையும் குறிக்கும் கோப்பை எவரும் படிக்கலாம் என விட்டுவிட்டால், உள்ளிருக்கும் கோப்புகளுக்கு இட்ட பூட்டுகளெல்லாம் வீணாகும். எழுதவும் விட்டுவிட்டால், ஒரே ஆணையில் அனைத்தும் அழியும்.

எனினும் எல்லாக் கருவிகளும் இவ்வச்சுக்குள் அடங்கிவிடவில்லை. தொலைபேசிக் கம்பியில் செய்தி செல்லும் வேகத்தை மாற்றுவது படித்தலும் அன்று, எழுதுதலும் அன்று. இத்தகைய தேவைகளுக்காக 1979-இல் வெளிவந்த ஏழாம் பதிப்பில் ‘ஐயாக்டில்’ என்னும் தனி ஆணை சேர்ந்தது. அதனுள் கருவிக்குக் கருவி வேறான கட்டளைகள் பெருகலாயின. பெர்க்லி அறிஞர்கள் 1983-இல் வெளியிட்ட பதிப்பில் வலையமைப்புக்கு ‘சாக்கெட்’ என்னும் வேறு வழி வகுக்கப்பட்டது. வலையட்டைக்கு ‘டெவ்’ அடைவில் கோப்பு இல்லை. பெல் ஆய்வுக்கூடத்தாரோ தம் ‘பிளான் 9’ முறைமையில் வலையமைப்பையும் கோப்புகளாகவே காட்டினர்.

1991-இல் தோன்றிய லினக்ஸ் யுனிக்ஸின் வழியையே பின்பற்றிற்று. அதில் முதலெண்ணுக்கும் இரண்டாமெண்ணுக்கும் எட்டெட்டு பிட்டுகளே இடம். ஆகவே முதலெண்கள் 256-க்கு மேற்பட இயலாது. கருவிகள் வருமுன்னரே அவற்றிற்கான கோப்புகளை நூற்றுக்கணக்கில் ஆக்கி வைத்தனர். எது மெய்யாகவே பொறியில் உள்ளது என்பது அடைவைக் கண்டால் விளங்காது. கருவிகளைச் செருகுவதும் கழற்றுவதும் வழக்கமான பின்னர் இக்குறை பெரிதாயிற்று. 2003-ஆம் ஆண்டின் இறுதியில் வந்த 2.6 பதிப்பில் எண்களுக்குப் பன்னிரண்டும் இருபதுமாகப் பிட்டுகள் கிடைத்தன. உள்ள கருவிகளை மரம்போல் வகுத்துக் காட்டும் ‘சிஸ்எஃப்எஸ்’ வந்தது. கருவி வந்ததும் பெயரிட்டு, நீங்கியதும் பெயரை அகற்றும் ‘யுடெவ்’ துணைநின்றது.

ஒரே முகத்தைக் காட்டியதனால், கருவிகளை அறியாத நிரல்களும் அவற்றை ஆள முடிந்தது. அம்முகத்துக்குள் அடங்காதவற்றுக்குப் புறவழிகள் வேண்டியிருந்தன. இன்று புதியதொரு கருவிக்கு இயக்கி எழுத அமர்பவரும், எதனைப் பொதுவாகக் காட்டுவது, எதனைத் தனித்துக் காட்டுவது என்ற அப்பழைய வினாவுக்கே முதலில் விடை காண வேண்டியவராக இருக்கிறார்.